பத்தாவது வாக்கியம்

தூங்குகிறான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏழு மாசப் பிள்ளை தூங்காமல் பேப்பரா படிக்கும் என்று வினோதினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே தொட்டிலுக்குள் குனிந்து, ரிஷித்தின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பால் புளித்த வாடையோடு சூடாக மூச்சு வந்தது. வந்தது, நின்றது, வந்தது. நடுவில் நின்றதே, அது கொஞ்சம் கூடுதலோ? எண்ணத் தொடங்கி, ஏழாவதில் தன் மூச்சையும் சேர்த்து எண்ணிவிட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து. பெற்ற பிள்ளையின் மூச்சை ஒழுங்காக எண்ணத் துப்பில்லை, இவள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம், யுனிவர்சிட்டியில் மூன்றாவது ரேங்க், போட்டோ பேப்பரில் வந்தது, அப்பா அதை லாமினேட் பண்ணி ஹாலில் மாட்டினார். அந்த வீக்கம் இருப்பது தலையின் வலது பக்கம், காதுக்கு மேலே, அந்தப் பூனைமுடிக்கு அடியில். இப்போது தொடவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தொட்டாள். எலுமிச்சம்பழத்தில் பாதி. இல்லை, அவ்வளவு இல்லை, அரைநெல்லி. அரைநெல்லியாக இருந்தது எலுமிச்சையாகிறதா, எலுமிச்சையாக இருந்தது அரைநெல்லியாகிறதா என்பதுதான் கேள்வி. பதில் தெரிய வேண்டுமென்றால் முதலில் தொட்டபோது என்னவாக இருந்தது என்று ஞாபகம் வேண்டும், அந்த ஞாபகம்தான் இல்லை. பயந்த கைக்கு எல்லாமே பெரிசு. ஒன்றேகாலுக்கு விழுந்தான். இப்போது இரண்டு பத்து. நாலு மணிக்கு மைனி வந்துவிடுவாள்.

மைனி என்றால் புருஷனின் அக்கா, சங்கரவடிவு. கல்யாணமாகி எட்டே மாசத்தில் பாளையங்கோட்டையிலிருக்கிற இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தாயில்லாத தம்பியைக் குளிப்பாட்டித் தலைசீவி ஆளாக்கி, தம்பிக்குப் பெண் பார்த்து, அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததையும் தானே வளர்த்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டவள். பிள்ளை பெறாதவள், பிள்ளை வளர்ப்பில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ரிஷித் என்ற பேர் வாயில் நுழையவில்லையாம், குலசாமி பேரைச் சொல்லி முத்து, எய்யா முத்து என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கழுதையும் ரிஷித் என்றால் சுவரைப் பார்க்கும், முத்து என்றால் திரும்பிச் சிரிக்கும். இன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வளைகாப்பு. போகும்போது வாசல்படியில் நின்று, "பிள்ளைய மடியிலேயே வச்சுப் பழக்காத, தொட்டில்ல போடு, கம்ப்யூட்டரயும் பிள்ளையயும் ஒண்ணா வச்சுக்கிட்டு இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லாமலாவது போயிருக்கலாம். சொல்லிவிட்டுப் போனதால் அது நடந்தது என்று வினோதினிக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே தோன்றியது; அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஒன்றரைக்கு மைனி போன் பண்ணினாள். பிள்ளை அப்போது தோளில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தான். "ஏளா, என்ன இப்படி அலறுதான்? மடியில வச்சிருக்கியா, அடுப்புச் சட்டியில வச்சிருக்கியா?" என்றாள் மைனி. வாய் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று வினோதினி வேறு எதையோ பிடித்தாள், கைக்கு எது அகப்பட்டதோ அதை. "தெரியல மைனி. தூக்குனாலே அழுறான். உரம் கிரம் விழுந்திருக்குமோன்னு..." அந்தப் பக்கம் பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. பிறகு மைனியின் குரல், வளைகாப்பே தனக்குத்தான் என்பதுபோல, "இப்பமாச்சும் ஒன் வாயில அந்தச் சொல்லு வந்துச்சே! சரி, அழாத. நான் வாரேன். வந்து எடுத்துவிடுதேன். வெயில் தாழட்டும்."

உரம். பிள்ளைக்குக் கழுத்திலோ தோளிலோ சுளுக்கு விழுந்தால் உரம். பழைய நூல்சேலையை விரித்து நடுவில் பிள்ளையைப் போட்டு, இரண்டு பெண்கள் இரண்டு நுனியைப் பிடித்துத் தூக்கி, இப்படியும் அப்படியுமாக உருட்டுவார்கள், ஒருத்தி உயர்த்த மற்றவள் தாழ்த்த, பிள்ளை நடுவில் பூசணிக்காய் மாதிரி உருளும். பத்துத் தரம் உருட்டினால் சுளுக்கு விட்டுவிடுமாம். தெருவில் பாதிப் பிள்ளைகள் மைனி உருட்டி எடுத்தவைதான். மூன்றாம் மாசம் ஒரு நாள் ரிஷித் ராத்திரி முழுக்க அழுதபோது மைனி சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். வினோதினி கதவை மறித்து நின்று, போனில் யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசுகிற வீடியோவைக் காட்டி, "இது மெடீவல், மைனி. இப்படிப் பண்ணுனா மூளை ஆடிப்போயிரும்" என்றாள். மெடீவல், இருண்ட காலத்துக் காட்டுமிராண்டித்தனம்! அந்தச் சொல்லை மைனியிடம் சொன்னதில் எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. மைனி சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி டாக்டரம்மா" என்று போனாள். அதிலிருந்து நாலு மாசமாக டாக்டரம்மாதான், டாக்டரம்மா காபி குடிச்சாச்சா, டாக்டரம்மாவுக்கு ரசத்தில் பூண்டு ஆகுமா. இன்றைக்கு அதே வாயால், அதே டாக்டரம்மா, உரம் என்றாள். பயந்தால் எவ்வளவு சுத்தமாகத் தமிழ் வருகிறது. இனி நாலு மணிக்கு அவள் வருவாள், சேலையை விரிப்பாள், மண்டையில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கி உருட்டுவாள். அதற்கு வழி பண்ணிவைத்தது வினோதினி. வேறு யாருமில்லை. வீடியோ பார்த்தவள்.

கட்டில்மேல் லேப்டாப் திறந்தபடி கிடந்தது. பெங்களூரிலிருந்து தன்வி என்கிறவள், இதுவரை முகம் பார்த்ததில்லை, மூன்றாவது செய்தி அனுப்பியிருந்தாள், 'ஹாய் டியர், டிராப் ஷீட் எங்கே? நாலு மணிக்கு லைவ்!' கூடவே ஒரு மஞ்சள் மூஞ்சி சிரிப்பு. இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிற ஒரு ஆப்புக்கு வினோதினி வார்த்தைத் தாள் எழுதுகிறாள். ஒரு நாளைக்கு ஒரு சொல், அதற்கு ஆறு மாற்றுச்சொல், பத்து அன்றாட வாக்கியம். நேற்று 'கேரி', இன்றைக்கு 'டிராப்', நாளைக்கு 'லிஃப்ட்'. தூக்கு, போடு, மறுபடி தூக்கு; முட்டாள்களுக்கு முட்டாள் எழுதுகிற பாடம். ஒன்பது வாக்கியம் முடிந்திருந்தது. வெங்காய விலை டிராப் ஆகும், காய்ச்சல் டிராப் ஆகும், என்னை ஸ்டேஷனில் டிராப் பண்ணு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டிராப் இன் ஆகு, அவன் காலேஜை டிராப் பண்ணினான், அவள் ஒரு குறிப்பு டிராப் பண்ணினாள், கேட்சை டிராப் பண்ணினான், கண்ணில் இரண்டு டிராப், அந்தப் பேச்சை டிராப் பண்ணு. சோம்பேறி பாஷை. விலை விழும், காய்ச்சல் இறங்கும், ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள், வீட்டுக்கு எட்டிப்பார்ப்பார்கள், படிப்பை விடுவார்கள், ஜாடையாகச் சொல்வார்கள், கேட்சைக் கோட்டைவிடுவார்கள், மருந்தைச் சொட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு ஒரே சொல், அதை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆண்டுவிட்டார்கள். பத்தாவது மட்டும் பாக்கி. அதுதான் இருப்பதிலேயே சுலபம், கையில் இருந்ததை நழுவவிடுவது, சொல்லின் முதல் அர்த்தம், எல்கேஜிப் பிள்ளைகூடச் சொல்லும். சுலபமானதைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தாள். கர்ஸர் அங்கேதான் துடித்துக்கொண்டிருந்தது, ஒன்றேகாலிலிருந்து, அலுக்காமல், மூச்சுவிடுகிற மாதிரி. இதை எண்ண முடிகிறது. இது தப்பாமல் வருகிறது.

மேலே வரிசையாக ஆறு மாற்றுச்சொல். ஃபால், டம்பிள், டாப்பிள், பிளஞ்ச், பிளம்மெட், ஸ்லிப். ஒவ்வொன்றையும் அவன்மேல் போட்டுப் பார்த்தாள், கடையில் சட்டை போட்டுப் பார்க்கிற மாதிரி. டம்பிள் என்றால் குட்டிக்கரணம், சிரித்துக்கொண்டே விழுவது. டாப்பிள் என்றால் உட்கார்ந்திருந்தது சாய்வது. பிளம்மெட் என்றால் தலைகுப்புற விழுகிற விமானம். பிளஞ்ச் என்றால் தண்ணீர் வேண்டும், இங்கே மொசைக் தரை, கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட மொசைக், மாமனார் கட்டிய காலத்தது, தலைக்குத் தயவே காட்டாதது. ஸ்லிப் நன்றாக இருந்தது. ஸ்லிப்பில் யார் மேலும் குற்றமில்லை. ஸ்கூலில் சிஸ்டர் எவாஞ்சலின் சொல்வாள், "சரியான சொல் கிடைக்காதவளுக்குச் சரியான எண்ணமும் கிடைக்காது, கேர்ள்ஸ்." வெள்ளை அங்கி, வெள்ளைச் சாக்ஸ், கையில் ரூல்தடி, வாயில் எப்போதும் ஏலக்காய். வராந்தாவில் தமிழ் பேசினால் கழுத்தில் அட்டை மாட்டுவாள். அட்டையை மாட்டிக்கொள்ளாத பிள்ளை வகுப்பிலேயே வினோதினி ஒருத்திதான். சமர்த்து. அந்தச் சமர்த்துக்குத்தான் நாலாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாலன் ஏசுவைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலை கிடைத்தது. பூசைச் சாமான் வைக்கிற சாக்கிரிஸ்டியிலிருந்து குடில்வரை நாற்பது அடி தூரம், பிளாஸ்டர் பாலன், ரோஜா நிறக் கன்னம், ஆசீர்வதிக்கிற வலது கை. ஒத்திகைக்கு முந்தின நாள், யாரும் இல்லாதபோது, தூக்கித்தான் பார்ப்போமே என்று தூக்கினாள். படியில் வைத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். வைக்கவில்லை, போட்டிருந்தாள். இரண்டு விரல் உடைந்து படிக்கட்டில் கிடந்தது, சாக்கட்டித் துண்டு மாதிரி. பொறுக்கிப் பினஃபோர் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டாள், பத்துக்குப் பத்து. சாயங்காலம் முழந்தாள் போட்டுக்கொண்டிருந்தது பனிமேரி. ஹாஸ்டல் சமையல்காரியின் மகள், ஃப்ரீ சீட், சாக்கிரிஸ்டியைப் பெருக்குவது அவள்தான், அதனால் உடைத்ததும் அவள்தான். ஜெபமாலை மூன்று சுற்று முடிகிறவரை வராந்தாவில் முழந்தாள். வினோதினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கடந்து ரிக்‌ஷாவுக்குப் போனாள். பனிமேரி ஏறிட்டுப் பார்த்தாள். அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள். தெரியும் அவளுக்கு என்று வினோதினிக்குத் தெரிந்தது. அந்த இரண்டு விரலையும் என்ன செய்தோம்? அது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

தொட்டில் அசைந்தது. ஓடினாள். ரிஷித் கண்ணைத் திறக்காமலே வாயைக் கோணி, ஒரு முழுங்குப் பாலைக் கக்கினான், கழுத்து வழியாக ஓடிக் காதுக்குள் போகப்பார்த்தது. துடைத்தாள், தூக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ரிஷித், ரிஷித், பிறகு யாரும் இல்லாத வீட்டில் வெட்கத்தை விட்டு, முத்து, எய்யா முத்து. கண்ணைத் திறந்தான். பார்த்தான். எதையோ பார்த்தான், அவளையா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி மூடிக்கொண்டான். வாந்தியா, கக்கலா? போனைத் திறந்தாள். போன் ஒரு தடவை என்றால் கவனிக்கச் சொன்னது, மறுபடி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடிகிறதா என்றது, கண்மணி இரண்டும் ஒரே அளவா என்றது, கடைசியில், எதற்கும் மருத்துவரை அணுகவும். அணுகவும்! அணுகினால் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பொம்பளை மைனியோடு கோயிலுக்குப் போகிறவள். எப்படி விழுந்தான் என்று டாக்டர் கேட்பதற்குள் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தகவல் போய்விடும். இதற்காகவா? ஒரு டோக்கன்காரிக்குப் பயந்தா பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு எலுமிச்சையும் நெல்லிக்காயும் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? ஆமாம். இதற்காகத்தான். இப்படிப்பட்டவள்தான். இரண்டு நாற்பத்தைந்து.

போன் அடித்தது. சிதம்பரநாதன். தூத்துக்குடி ஹார்பரில் சரக்கு விடுவிக்கிற ஆபீசில் வேலை, சாப்பிட்டு முடித்துப் பல் குத்துகிற நேரம் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற பழக்கம். "என்ன பண்ணுதான் எஞ்சிங்கம்?" என்றான். "தூங்குறான்." "அக்கா சொன்னா, உரம் விழுந்திருக்காமே. நீயே சொன்னியாமே! இங்க ஆபீஸ்ல சொன்னேன், எல்லாம் சிரிச்சாங்க. கான்வென்ட் சரண்டர்னு." அவனும் சிரித்தான். சிரிப்பு முடிகிறவரை அவள் காத்திருந்தாள். "சாயங்காலம் வரும்போது என்ன வாங்கிட்டு வர? மக்ரூன்?" ஆமாம், மக்ரூன், தூத்துக்குடி முந்திரி இனிப்பு. பிள்ளை வாழட்டும், மக்ரூன் சாப்பிடலாம். வாழாவிட்டாலும் பெட்டியைத் திறந்தாகிவிட்டது, என்ன செய்வது, சாப்பிடலாம். "சரி" என்றாள். நல்லவன். ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. ஒரு நாளும் எதையும் மறந்ததுமில்லை. கல்யாணமான புதிதில் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்ததை, வீட்டுக்கு யார் வந்தாலும் இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்வான், என்னய உயிரோட கொளுத்தப் பார்த்தா என்று. வந்தவர்களும் சிரிப்பார்கள். இதையும் சொல்வான். பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும், பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வான். அப்படிச் சொல்வதற்குப் பிள்ளை இருக்க வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் கடவுளே, ஆயுசுக்கும் சொல்லட்டும்.

கட்டிலிலிருந்து உருண்டுவிட்டான். இரண்டு பக்கமும் தலையணை வைத்திருந்தேன், அடுக்களைக்குப் பால்புட்டி எடுக்கப் போனேன், அரை நிமிஷம், திரும்பி வருவதற்குள். ஒன்றேகாலிலிருந்து இதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒத்திகைக்குப் போகிறவள் மாதிரி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறியது. தலையணைக்குப் பூப்போட்ட உறைகூட வந்துவிட்டது. ஊரில் எந்தப் பிள்ளைதான் கட்டிலிலிருந்து உருளவில்லை? ஆனால் கட்டிலில் இல்லை அவன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், அவன் மடியில், இடது கை வளைவில், பால் குடித்துக்கொண்டிருந்தான், வலது கை லேப்டாப்பில் ஒன்பதாவது வாக்கியத்தை அடித்தது. ராத்திரி நாலு தடவை எழுந்தவன். கண் செருகியது. பல் முளைக்கிற பிள்ளை, நறுக்கென்று கடித்தான். அதுவரைக்கும் சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. வலி, உள்ளங்கால்வரை போன வலி, அந்த வலியோடு ஒரு வெறி, அப்படி ஒரு வெறுப்பு, ஏழு கிலோச் சதை, ஏழு மாசமாக ஒரு ராத்திரி தூங்கவிடாத சதை. பிறகு சத்தம். தேங்காயைப் பையோடு கீழே வைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம். வலிக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதற்குள் போக முடியவில்லை. கை சறுக்கியதா? கை விட்டதா? கையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கை. வளையல் தடம், மருதாணியின் கடைசி மஞ்சள், கட்டைவிரலில் காய் நறுக்கின கோடு. கையிடம் கேட்டாள். கை ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டர் பாலனை உடைத்ததும் இதே கைதான். அன்றைக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை.

வாசல் கேட் திறந்தது. மூன்றரைதான் ஆகியிருந்தது. மைனி மூச்சிரைக்க வந்தாள், அரக்குக் கரைப் பட்டு, தலையில் வாடின பிச்சிப்பூ, கையில் வளைகாப்புச் சாதப் பொட்டலம். "பந்தியில பாதியில எந்திச்சு வந்துட்டேன். பிள்ள அங்க துடிக்கையில இங்க என்ன வடை வேண்டிக் கெடக்கு. எங்க எய்யா?" காலைக் கழுவினாள், பீரோவிலிருந்து பழைய சுங்கடிச் சேலையை உருவினாள், இரண்டாக மடித்துத் தரையில் விரித்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி நடுவில் கிடத்தியபோது அவன் கண்ணைத் திறந்தான், அழவில்லை. "பாத்தியா, அத்தையக் கண்டதும் அழுகை நின்னுட்டு." அழுகை நின்றதா, அழத் தெம்பில்லையா, மடச்சி, பார்க்கத் தெரியவில்லையா உனக்கு? "இந்தா, பிடி. பெத்தவதான் ஒரு நுனி பிடிக்கணும், அதான் முறை. நான் ஒசத்தையில நீ தாத்து, நீ ஒசத்தையில நான் தாத்துதேன். வாய்க்குள்ளயே சாமியக் கும்பிட்டுக்க, ஒஞ் சாமி எதுவோ அத." சேலையின் இரண்டு முனையும் வினோதினியின் கைக்கு வந்தன. துணி மெத்தென்று, குழந்தைச் சோப்பு வாசனையோடு இருந்தது. தூக்கினார்கள். அவன் கனம் அவள் முழங்கை வரைக்கும் இறங்கியது. மைனி தன் பக்கம் உயர்த்தினாள். பிள்ளை வினோதினியை நோக்கி உருண்டான், தலை ஒரு விநாடி தாமதித்து உருண்டது, வலது பக்கம், அந்தப் பக்கம், துணிக்குள் நெல்லிக்காய் அமுங்கியது, அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இப்போது இவள் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் உருளும். விட்டால் விழும். ஆயுசில் முதல் தடவையாகக் கையை என்ன செய்வதென்று தீர்மானிக்க அவளுக்கு நேரம் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "தூக்கு, டாக்டரம்மா. என்ன முழிக்க?" "மைனி, கீழ வைங்க." "என்னது?" "மெதுவா வைங்க. ஒண்ணாச் சேந்து வைப்போம். உரம் இல்ல." "நீதானளா சொன்ன?" "பொய் சொன்னேன். விழுந்துட்டான், மைனி. தலையில அடி."

சேலை தரையைத் தொட்டது. மைனி முட்டி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் தலைமுடிக்குள் விரலை விட்டாள், அரிசியில் கல் தேடுகிற மாதிரி. விரல் நின்ற இடத்தில் அவள் முகமும் நின்றது. "எப்பம்?" "ஒண்ணேகாலுக்கு." "வாந்தி எடுத்தானா?" "ஒரு தடவ." மைனி கடிகாரத்தைப் பார்த்தாள், திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள், கடைசியாக வினோதினியைப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரைக்கும், சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் போடுகிறவள் பார்ப்பாளே, அப்படி. "நான் உருட்டியிருப்பேனே, பாவி. ரெண்டு மணி நேரத்துக்கு மேல பிள்ளைய இப்படி வச்சுக்கிட்டு, வாயில என்னத்த வச்சிருந்த? கூப்பிடு ஆட்டோவ."

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் ரிஷித் மறுபடி வாந்தி எடுத்தான், இந்தத் தடவை கக்கல் என்று யாரும் சொல்ல முடியாது, மைனியின் பட்டு நனைந்தது. மைனி ஜரிகை முந்தியால் அவன் வாயைத் துடைத்தாள். இரண்டாவது. போன் சொன்ன இரண்டாவது. மைனி டிரைவரிடம், "எய்யா, பெரிய ஆஸ்பத்திரி, பள்ளத்துல விடாம விரசாப் போ" என்று சொல்லிவிட்டு, இடுப்புச் செருகலிலிருந்து போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏல தம்பி, பதறாத. பிள்ள விழுந்துட்டான். ஆமா, தலையில. நான் வெள்ளனமே வந்துட்டேம்ல. கட்டில்ல கிடத்திட்டு அடுக்களைக்குப் போனேன், உருண்டுட்டான். எந்தப்புதான். அவ குளிச்சிக்கிட்டு இருந்தா, அவளுக்குத் தெரியாது." எவ்வளவு சுளுவாக வருகிறது! தலையணை இல்லை, பூப்போட்ட உறை இல்லை, ஒத்திகையே இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு மைனி பல்லுக்குள் பேசினாள். "வாயத் தொறக்காத. அவன் நான் வளத்த பய. ஒரு சொல்லுக் கிடைச்சா கட்டையில போற மட்டும் சொல்லிக் காட்டுவான். என்னய ஒண்ணும் சொல்ல மாட்டான்." அதில் பாசம் இருந்ததா என்று வினோதினி தேடிப் பார்த்தாள். ஒரு மண்ணும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது, காரியம் தெரிந்தவளுக்குக் காரியம் தெரியாதவள்மேல் இருக்கிற எரிச்சல். வாயைத் திறக்க வேண்டாம். அவ்வளவுதான். இவள் முழந்தாள் போடுவாள், நீ பையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறு. ஏறித்தான் இருக்கிறாய். ஏறி இருபது வருஷமாகிறது, இன்னும் இறங்கவில்லை.

போனைப் பிடுங்கினாள். "ஏங்க." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "மைனி வீட்டுலயே இல்ல. வளைகாப்புல இருந்தாங்க. எம் மடியில இருந்தான், பால் குடிச்சான், கடிச்சான். நான் விட்டுட்டேன்." "என்னது?" "கையிலேர்ந்து விட்டுட்டேன். தூங்கிட்டனா, கோவத்துல விட்டனா, எனக்கே தெரியல. ஒண்ணேகாலுக்கு. யார்ட்டயும் சொல்லல." அந்தப் பக்கம் ஹார்பரில் ஏதோ இரும்பு இறங்கியது. அவன் பேசுவான். இன்னும் நாற்பது வருஷம் பேசுவான். போனை அணைத்தாள்.

டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். மைனி தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, வளையல் சத்தத்தோடு. "ஒரு சொட்டு மூளை இருக்கா ஒனக்கு? பதினேழு வருஷம் என்னத்தளா படிச்ச?" வண்டி பாலத்துக்குக் கீழே குலுங்கியது. மைனி இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்தி அசையாமல் வைத்துக்கொண்டாள், குலுக்கல் நிற்கும்வரை. நின்றதும், அவன் முகத்தில் எதையோ பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், பாலும் புளிப்பும் நாறுகிற அந்த மூட்டையைத் தூக்கி வினோதினி பக்கம் நீட்டினாள்.

"கண்ணத் தொறந்து ஒன்னயத்தான் தேடுதான், இந்தக் கூறுகெட்டவன். இந்தா, பிடி. தலையத் தாங்கிப் பிடி."

பிடித்தாள்.